சாக்கிய நாயனார் கற்ற பௌத்தம்



மார்கழிப் பூராடம் சாக்கிய நாயனாரின் குருபூசைத் திருநாள். கல்லெறிந்து கதி பெற்றவர் என்ற அளவில் அவர் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். சங்கமங்கையில் வேளாளர் குலத்தில் தோன்றினார். பிறந்தும் இறந்தும் உழலும் துன்பத்தினின்று நீங்கும் வழி நாடிக் காஞ்சி மாநகரை அடைந்தார். அங்கே சாக்கியர் சமயத்தைச் சார்ந்து அதன் நூல்களைப் பயின்றார். பின்னர்ச் சிவநன்னெறியே பொருள் எனத் தெளிந்தார். ஆயினும் தாம் கொண்ட சாக்கிய வேடத்தைக் களையாமலே, வெட்டவெளியில் இருந்த சிவலிங்கத்தின்மேல் நாள்தோறும் கல்லெறிந்து, அதன் பின்னரே உணவு கொண்டார். இவ்வரலாற்றைச் சொல்லும் என்போன்றோர் பெரும்பாலும் அந்தக் கல்லினிடத்துக்கே விரைந்து சென்றுவிடுகின்றோம். காஞ்சியில் அவர் பயின்ற காலத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றோம். அங்கே அவர் கற்றது யாது? கற்றும் ஏன் அமைதி பெற்றிலர்? இன்று அவ்விடத்திலேயே சற்று நிற்கக் கருதுகின்றேன்.

இதற்குக் காரணம் உண்டு. ‘பௌத்தர் சூனியவாதிகள், எல்லாம் பாழ் என்பவர்’ என ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் நம் மேடைகளில் வேரூன்றிவிட்டது. நம் ஆசாரியர்கள் அவ்வாறு முடித்தவர்கள் அல்லர். புறப்புறச் சமயம் ஆறு என்பது சித்தாந்த மரபு. அவற்றுள் உலகாயதம் ஒன்று, ஆருகதம் ஒன்று, எஞ்சிய நான்கும் பௌத்தமே. வைபாடிகம், சௌத்திராந்திகம், யோகாசாரம், மாத்தியமிகம் என அவற்றை வேறு வேறாக நிறுத்தினர். 13-ஆம் நூற்றாண்டில் திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியர், சிவஞான சித்தியார் பரபக்கத்தில் இந்நால்வரையும் தனித்தனியே பேசவைத்துத் தனித்தனியே மறுத்தார். அவர் எதிரே நால்வரைக் கண்டார்; நாம் ஒருவராகச் சுருக்கிவிட்டோம். சூனியவாதம் என்ற பெயர் அந்நால்வருள் ஒருவருக்கே உரியது. அவருக்கும் அது முற்றப் பொருந்துமா என்பதைப் பின்னர்க் காண்போம்.

சாக்கிய நாயனார் தெளிந்த இடத்தைச் சேக்கிழார் பெருமான் மிகச் சுருக்கமாகக் காட்டுகின்றார். செய்யப்படும் வினை, அதைச் செய்பவன், அதனால் வரும் பயன், அப்பயனைக் கொடுப்பவன் எனப் பொருள் நான்கு என்பதும், இந்நான்கும் சைவத்தையன்றிப் பிற நெறிகளில் இல்லை என்பதும் நாயனார் கண்ட தெளிவு. இந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு நோக்கினால் பௌத்தப் பிரிவுகளின் வேறுபாடு எளிதில் விளங்கும். வினை உண்டு, பயன் உண்டு என்பதில் புத்தர் வழி வந்த பழைய பிரிவினர் எவருக்கும் ஐயமில்லை. பயனைக் கொடுக்கும் முதல்வன் ஒருவன் உளன் என்பதை அவர்கள் கொள்வதில்லை. செய்பவனாகிய நிலைத்த உயிரையும் கொள்வதில்லை. உருவம், வேதனை, குறிப்பு, பாவனை, விஞ்ஞானம் என்னும் ஐந்து கந்தங்களின் கூட்டமே மனிதன் என்பர். அங்கேதான் முடிச்சு விழுகின்றது. வினை செய்த கணத்திலேயே மறைகின்றது. செய்தவனும் நிலைத்தவன் அல்லன். பல்லாண்டு கழித்தோ மறுபிறவியிலோ அதன் பயன் எவ்வாறு வரும்? எவரை வந்தடையும்? பௌத்தப் பிரிவுகள் அனைத்தும் இவ்வொரு வினாவினால் எழுந்தன என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றின் ஆழ்ந்த வேறுபாடுகள் இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன.

முதற் பிளவு தத்துவத்தால் வந்ததன்று. புத்தர் மறைந்து நூறாண்டளவில் வைசாலியில் துறவியர் கூடியபோது எழுந்த வழக்கு ஒழுக்கம் பற்றியது. கொம்பில் உப்புச் சேமித்து வைக்கலாமா, பொன்னும் வெள்ளியும் ஏற்கலாமா என்பன போன்ற பத்துச் செய்திகள் அங்கே ஆராயப்பட்டன. அதனையொட்டிய காலத்தில் ஸ்தவிரர், மகாசாங்கிகர் என இரு பெருங்கிளைகள் பிரிந்தன. பிரிந்த காரணத்தை ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு வகையாக எழுதிவைத்தது. குடும்பத்தில் பாகம் பிரிந்தவர்களைக் கேட்டால் இரு தரப்பும் இரு கதை சொல்வதில்லையா? கிளைகள் பின்னர்ப் பதினெட்டு ஆயின என்பது மரபு.

ஸ்தவிரர் கிளையில் வந்து இன்றும் நிலைபெற்றிருப்பது தேரவாதம். இலங்கை, பர்மா, தாய்லாந்து, கம்போடியா, லாவோசு ஆகிய நாடுகளில் வழங்குவது இதுவே. பாலிமொழித் திரிபிடகமே அதற்கு ஆதாரநூல். அசோகன் காலத்தில் மகிந்தர் வாயிலாக இலங்கை சென்ற இந்நெறி, அநுராதபுரத்து மகாவிகாரையில் காக்கப்பட்டது. வினைப்பயன் பற்றிய வினாவுக்குத் தேரர் கூறும் விடை தீச்சுடரின் உவமை. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் சுடர் ஒன்றும் இடம்பெயர்ந்து செல்வதில்லை. ஆயினும் முன்னதின்றிப் பின்னது இல்லை. மறுபிறவி எடுப்பவன் பழையவனும் அல்லன், வேறொருவனும் அல்லன் என்பர். நான்கு பௌத்தம் என்னும் நம் சாத்திரப் பட்டியலில் இத்தேரவாதம் தனிப்பெயர் பெறவில்லை. கொழும்பிலோ கண்டியிலோ பிக்கு ஒருவரைச் சந்திக்கும் சைவ அன்பர், பரபக்கத்தை நினைந்து அவரை மாத்தியமிகர் எனக் கருதிப் பேசத் தொடங்கினால், பேச்சு முதலடியிலேயே தவறிவிடும். இதை மறவாதிருத்தல் நலம்.

காசுமீரத்திலும் காந்தாரத்திலும் தழைத்த சர்வாஸ்திவாதியர் வேறு விடை கூறினர். ‘எல்லாம் உளது’ என்பது அவர்கள் பெயரின் பொருள். சென்ற காலப் பொருளும் வருங்காலப் பொருளும் நிகழ்காலப் பொருளைப் போலவே உள்ளன. செயற்படும் நிலை ஒன்றே நிகழ்காலத்துக்கு உரியது என்றனர். நேற்றைய வினை நேற்றோடு அழியாமையால் நாளைக்குப் பயன் தரும். மகாவிபாஷை என்னும் பேருரையைச் சார்ந்து நின்றமையால் இவர்களுக்கு வைபாடிகர் என்னும் பெயர் வந்தது. புறப்பொருள் மெய்யாக உளது, அதனை நேரே காண்கின்றோம் என்பதும் இவர்கள் துணிபு. இவர்களைப் பார்த்து ‘எல்லாம் பாழ் என்கின்றீரே’ என்று கேட்டால் திகைத்துப் போவர். எல்லாம் உண்டு என்பதே அவர்கள் கட்சி!

சௌத்திராந்திகர் இதனை ஏற்கவில்லை. பிற்காலத்துப் பேருரைகளை விலக்கிப் புத்தரின் சூத்திரங்களையே பிரமாணமாகக் கொண்டவர்கள் ஆதலின் அப்பெயர் பெற்றனர். சென்றது சென்றதே, அஃது இன்னும் உளது என்றல் சொல் விளையாட்டு என்றனர். வினை தன் வித்தை உள்ளத்தின் தொடர்ச்சியில் இட்டுச் செல்லும். சந்தானம் எனப்படும் அத்தொடர்ச்சியில் வித்து முதிர்ந்து பயனாகும் என்பது அவர்கள் விடை. பொருள் ஒரு கணமே நிற்பது ஆதலின், அறிவு எழும்போது பொருள் மறைந்துவிடுகின்றது. அறிவில் பதிந்த உருவைக் கொண்டு பொருளைக் கருதலளவையால் உணர்கின்றோம். கோயில் மணியோசை நம் செவியை அடையும்போது நா மணியில் பட்ட கணம் கழிந்துவிடுகின்றது. ஓசையைக் கொண்டே மணி அடிக்கப்பட்டதை உணர்கின்றோம். காண்பன எல்லாம் இத்தகையன என்பது சௌத்திராந்திகம். அருணந்தியார் நால்வருள் இவனுக்கே மிகுந்த இடம் அளித்தார். பௌத்தத்தின் பொதுக் கொள்கைகள் பலவற்றையும் இவன் வாயாலேயே சொல்லவைத்தார். மற்ற மூவருக்கும் வாய்த்தவை சில செய்யுட்களே.

இவ்விடத்தில் பெரும்பாலோர் அறியாத ஒரு பிரிவைக் குறிக்க வேண்டும். சம்மிதீயர் என்போர், ஐந்து கந்தங்களோடு ஒன்றும் அன்றி வேறும் அன்றிப் ‘புத்கலன்’ ஒருவன் உளன் என்றனர். விறகும் நெருப்பும் போலக் கந்தங்களும் அவனும் இருப்பதாகக் கூறினர். செய்த வினை அழிந்தாலும் கடன் பத்திரம் அழியாதிருப்பது போல ஒன்று நிற்கும் என்றனர். ‘செய்பவன்’ என்னும் இரண்டாம் பொருளை நோக்கிப் பௌத்தம் எடுத்துவைத்த அடி இது. பிற பிரிவினர் இவர்களைக் கடுமையாகச் சாடினர். ஆயினும் 7-ஆம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிவந்த சீனத் துறவி யுவான் சுவாங் தரும் கணக்குகளைக் கூட்டிப் பார்த்தால், மிகுதியான துறவியரைக் கொண்டிருந்த பிரிவு இதுவே. பின்னர் மறைந்துபோயிற்று, அதன் நூல்களும் பெரும்பாலும் மறைந்தன. அருணந்தியார் காலத்தில் இப்பிரிவினர் வாழ்ந்திருந்து அவரோடு வாதிட வந்திருப்பின் பரபக்கம் எவ்வாறு அமைந்திருக்கும் என நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

கிறித்து பிறந்த காலத்தையொட்டி மகாயானம் எழுந்தது. தம் விடுதலையோடு அமையாது, எல்லா உயிர்களும் விடுபடும்வரை உழைக்கும் போதிசத்துவரை இலக்காகக் கொண்டது. புத்தர் பலர் என்றது. பிரஞ்ஞாபாரமிதை முதலிய புதிய சூத்திரங்களை வடமொழியில் கொண்டது. பழைய நெறியினரை ‘ஈனயானம்’ என அழைத்தது இவர்களே. அஃது இழிவுப் பெயர் ஆதலின் தேரவாதியரை அப்பெயரால் நாம் அழைத்தல் தகாது. இரு யானத்தாரும் எப்போதும் பகைத்து நின்றனர் என்றும் கருதவேண்டா. போதிசத்துவரை வணங்கி மகாயான நூல் ஓதுவார் மகாயானர், அல்லாதார் மற்றவர், ஒழுக்க விதிகள் இருவர்க்கும் ஒன்றே என 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த இட்சிங் எழுதியுள்ளார்.

மகாயானத்தின் தத்துவம் இரு கிளையாயிற்று. முதலாவது நாகார்ச்சுனரின் மாத்தியமிகம். அவர் சாதவாகன மன்னர் காலத்தில் வாழ்ந்தவர் என்பது மரபு. சார்ந்து தோன்றுவது எதுவோ அதற்குத் தனக்கெனத் தன்மை இல்லை. அவ்வின்மையே சூனியம் என்பது அவர் கொள்கை. குடம் மண்ணைச் சார்ந்தது, மண் அணுவைச் சார்ந்தது, அணு தன் பகுதிகளைச் சார்ந்தது. எங்கே தேடினும் தானே நிற்கும் பொருள் கிட்டுவதில்லை. வினையும் அத்தகையது, உலகவழக்கில் அது பயன் தரும், மெய்ம்மையில் தன்னியல்பு அற்றது என இரண்டு வாய்மைகள் கூறினார். சூனியத்தைப் ‘பாழ்’ எனப் பிறழக் கொள்பவன், பாம்பைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தவனைப்போல் கெடுவான் என்று அவரே எச்சரித்துள்ளார். ஆகவே, ‘ஒன்றும் இல்லை என்பவன்’ என அவரைக் கூறுதல் அவர் சொல்லை அவருக்கே மறுத்துக் கூறுவதாகும். நாம் கேட்கவேண்டிய வினா வேறு. எல்லாம் தன்னியல்பு அற்றன என உணரும் அறிவு எதனைப் பற்றி நிற்கின்றது? இதுவே சைவர் கேட்கத்தக்க வினா. வலிய வினாவும் இதுவே.

மற்றைக் கிளை யோகாசாரம். புருடபுரத்தில், அதாவது இன்றைய பெசாவரில் பிறந்த அசங்கரும் அவர் தம்பி வசுபந்துவும் இதன் முதல்வர்கள். வசுபந்துவின் வாழ்வே பௌத்தப் பிரிவுகளின் வரலாறு போன்றது. முதலில் வைபாடிகக் கொள்கையை அபிதர்மகோசம் என்னும் அரிய நூலாகச் செய்தார். அதற்குத் தாமே எழுதிய உரையில் சௌத்திராந்திகராக நின்று அக்கொள்கையைக் குறை கண்டார். முடிவில் தமையனால் மகாயானம் புகுந்து, விஞ்ஞானம் ஒன்றே உளது என நிறுவினார். கனவில் யானை இன்றியே யானையைக் காண்கின்றோம்; நனவும் அவ்வாறே என்பது இவர்கள் வாதம். வினையின் வித்துக்கள் தங்கும் பண்டசாலையாக ஆலயவிஞ்ஞானம் என ஒன்றை வகுத்தனர். அதுவும் கணந்தோறும் மாறி ஓடும் வெள்ளமே. உயிர் அன்று என வற்புறுத்தினர். அத்துணை வற்புறுத்த நேர்ந்ததே, அஃது உயிருக்கு எத்துணை அருகில் வந்துவிட்டது என்பதைக் காட்டும்.

இனிக் காஞ்சிக்கு வருவோம். திருநாவுக்கரசர் தம் தேவாரத்தில் சாக்கிய நாயனாரைப் பாடியிருத்தலின், நாயனார் 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர். அக்காலக் காஞ்சியில் ஒரே பௌத்தம் இருந்ததில்லை. 5-ஆம் நூற்றாண்டில் பாலி உரைகளை வகுத்த புத்தகோசர் காஞ்சியில் தங்கியவர். அவர் காலத்தவராகிய புத்ததத்தர் சோழநாட்டவர். அவர் ஊராகிய உரகபுரம் உறையூரே என்பர். இவர்கள் தேரவாதியர். பௌத்த அளவை நூலின் தந்தையாகிய திக்நாகர் காஞ்சியை அடுத்த ஊரினர் எனத் திபெத்திய நூல்கள் கூறும். மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் உரைக்கும் அளவை இலக்கணம் அவர் நெறியோடு நெருங்கியது. காஞ்சியில் அமைச்சர் மகனாகப் பிறந்த தருமபாலர் நாலந்தாவின் தலைவராக விளங்கினார். அவர் யோகாசாரர். அவர் மாணாக்கர் சீலபத்திரர். சீலபத்திரரின் மாணாக்கர் யுவான் சுவாங். இச்சீனத் துறவி கி.பி. 640-ஐ ஒட்டித் தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த நகர்க்கே வந்து சேர்ந்தார். அங்கு நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் இருந்தனர், அவர்கள் ஸ்தவிர நெறியினர் என எழுதினார். இலங்கையில் பஞ்சமும் அரசியல் குழப்பமும் நேர்ந்தமையால் காஞ்சிக்கு வந்திருந்த பிக்குகளைக் கண்டு யோகாசாரம் பற்றி வினவினார் என்றும், சீலபத்திரரின் விளக்கத்தை விஞ்சிய விடை அவர்களிடம் கிட்டவில்லை என்றும் அவர் வரலாறு கூறும்.

ஆகவே நாயனார் நுழைந்தது ஒரு பள்ளியன்று, ஒரு பெருஞ்சந்தை. கணபங்கம் பேசுவாரும், வித்தும் சந்தானமும் பேசுவாரும், ஆலயவிஞ்ஞானம் பேசுவாரும் ஒரே நகரில் இருந்தனர். வினை எவ்வாறு பயனாகும் என்ற ஒரே வினாவுக்குப் பல விடைகள் அங்கே கிட்டியிருக்கும். அத்தனை விடைகளிலும் கொடுப்பவன் இல்லை. வினை அறிவற்றது, யார் செய்தார், எவ்வளவு செய்தார், எப்போது கொடுத்தல் வேண்டும் என்பதைத் தானே அறியாது. செய்தவனோ நிலைத்தவன் அல்லன். முன் கணத்து அறிவு பின் கணத்து அறிவுக்குத் தன் வாசனையைக் கொடுத்துச் செல்லும் என்றால், முன்னது அழிந்தபின் பின்னது தோன்றுமாயின் கொடுப்பதற்கு எவரும் இல்லை. இரண்டும் ஒருங்கே நிற்குமாயின் கணபங்கம் இல்லை. சித்தாந்திகள் பௌத்தரை மடக்கும் இடம் இது. பௌத்தர் பால் தயிராவதையும், விளக்கு விளக்கை ஏற்றுவதையும் காட்டுவர். அவ்வுவமைகள் அழகியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் விளக்கைக் கையில் எடுத்து மற்றொன்றை ஏற்றும் ஒருவனை அவை கூறாமல் விடுகின்றன.

சீனத்தையும் சப்பானையும் பற்றிச் சிறிது கூற வேண்டும். தியானத்தையே முதன்மையாகக் கொண்ட ‘சான்’ நெறி சீனத்தில் வளர்ந்து சப்பானில் ‘சென்’ ஆயிற்று. அதன் முதற்குரு போதிதருமர் தென்னிந்தியர் என்று சீன மரபு போற்றும். அதனினும் நம் கருத்தை ஈர்ப்பது தூயநில நெறி. சப்பானில் ஓனேன் (1133–1212), அவர் மாணாக்கர் சின்ரன் (1173–1263) ஆகியோர், தம் முயற்சியால் ஒருவரும் கரையேற இயலாது, அமிதாப புத்தரின் பேராற்றலே கரையேற்றும், அவர் திருப்பெயரை ஓதுக என்றனர். நம்பிக்கைகூட அவரால் தரப்படுவதே என்றார் சின்ரன். சின்ரன் வாழ்ந்த அதே 13-ஆம் நூற்றாண்டில்தான் தமிழகத்தில் மெய்கண்டாரும் அருணந்தியாரும் திருவருளின் இயல்பை நூல் செய்தனர். இரு நாட்டாரும் ஒருவரையொருவர் அறிந்திலர். அமிதாபர் உலகைப் படைத்தவர் அல்லர், வினையை எடைபோட்டு ஊட்டுபவரும் அல்லர். நோன்பிருந்து புத்தரான துறவியே அவர். ஆயினும் ‘கொடுப்பவன்’ என்னும் நான்காம் பொருளின் தேவையைப் பௌத்தமே உணர்ந்த இடம் இது என்று எனக்குத் தோன்றுகின்றது.

திபெத்தியர் மந்திரமும் மண்டலமும் கொண்ட வச்சிரயானத்தைப் பின்பற்றுவோர். அவர்களுள் சாக்யா என ஒரு பிரிவு உண்டு. அப்பெயர் வெளிறிய மண் நிறம் குறித்த ஊர்ப்பெயரே. சாக்கிய குலத்தோடு தொடர்பில்லை. பெயரொற்றுமையால் மயங்கவேண்டா. நம் நூல்கள் கூறும் அந்நான்கு பெயர்களையே திபெத்திய மடங்களும் படிப்படியாக வைத்துக் கற்பிக்கின்றன. அருணந்தியாரின் பகுப்பு வெறுங்கற்பனை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் காலத்துப் பௌத்தம் ஒன்றையும் விட்டுவிடலாகாது. 1898-இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் பௌத்த சங்கம் கண்டார். 1956-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். முற்பிறவி வினையே இப்பிறவியின் இழிவுக்குக் காரணம் என்னும் கொள்கையை அம்பேத்கர் ஒப்பவில்லை. அது புத்தர் கருத்தாக இருக்கவும் முடியாது என்றார். ஏனைய பிரிவினர் வினையை வைத்துக்கொண்டு செய்பவனை ஐயுற்றனர். இவரோ முற்பிறவி வினையையே ஐயுற்றார். வினைக்கொள்கையைத் தன்னைத் திருத்தும் கண்ணாடியாகக் கொள்ளாமல், பிறரைத் தள்ளிவைக்கும் தடியாக நம்மவர் பலர் கைக்கொண்டனர் என்பதை நாம் மறுக்க இயலாது. இப்பௌத்தருக்கு விடை கூறப் பரபக்கத்துச் செய்யுட்கள் போதா. நம் ஒழுக்கமே விடை கூற வேண்டும்.

சாக்கிய நாயனார் தாம் விட்டுவந்த பள்ளிகளை இகழ்ந்தார் எனச் சேக்கிழார் ஓரிடத்தும் கூறவில்லை. எந்நிலையில் நின்றாலும் எக்கோலம் கொண்டாலும் சிவபெருமான் திருவடியை மறவாமையே பொருள் எனக் கொண்டு, அந்த ஆடையிலேயே இருந்தார். ஒருநாள் கல்லெறிய மறந்து உண்ணத் தொடங்கியவர், நினைவு வந்ததும் பதைத்தெழுந்து ஓடினார். எறிந்த கல்லை ஏற்று இறைவன் விடைமேல் வெளிப்பட்டான். அப்போதும் அவர் மேனியில் இருந்தது, காஞ்சியில் பௌத்தரிடம் பெற்ற அதே சாக்கிய ஆடைதான்.

திருச்சிற்றம்பலம்.